முன்பலகைக் கல்

படகு மட்டமாக நின்றது.

படகு மட்டமாக நிற்பதில் பயப்பட ஒன்றுமில்லை. அதற்காகத்தான் அதைச் செய்கிறார்கள். ஆனால் லாக்லன் மெல்ட்ரம் தன் நூற்றுப் பத்து கிலோவையும் பின்பலகையில் இறக்கி வைத்திருந்தார். முன்பலகை காலி. அப்படி ஒற்றை ஆள் பின்னால் பாரமாக உட்கார்ந்தால் முன்முனை தண்ணீரை விட்டு எழும்பி மலையைப் பார்க்கும். காற்று அதன் கன்னத்தில் அறைந்து படகைச் சுற்றிவிடும். காலை பத்து மணியிலிருந்து அப்படித்தான் சுற்றிக்கொண்டிருந்தது. அவர் மேற்கே தூண்டில் வீசினால் படகு கிழக்கே திரும்பியது. நூல் துடுப்பில் சிக்கியது, தொப்பியில் சிக்கியது, ஒருமுறை காதில் சிக்கியது. நான்கரை மணி நேரத்தில் அவர் பிடித்த ஒரே பிராணி அவரேதான்.

இப்போது, சுமார் ஐந்து நிமிடமாக, மட்டம். தேநீர்க் கோப்பையை வைத்தால் ததும்பாது.

"அப்படி வா வழிக்கு," என்றார் படகைப் பார்த்து. தான் உட்கார்ந்திருக்கும் விதமே காரணம் என்று முடிவும் செய்தார். பதினான்கு வருடமாகத் தூண்டில் சங்கத்தின் தலைவர். சங்க மடலில் மாதந்தோறும் 'நீரை வாசித்தல்' எழுதுபவர். நீர் இதுவரை அவரிடம் எதையும் சொன்னதில்லை என்பது வேறு விஷயம். அடுத்த கட்டுரைக்கு 'அமர்வின் சமநிலை' என்று தலைப்புகூடத் தோன்றிவிட்டது.

அதை எழுத அடுத்த மாதம் அவர் தலைவராக இருக்க வேண்டுமே, அதுதான் சிக்கல். தபால் வண்டி ஓட்டும் ரோனா இரண்டு வருடமாகச் சங்கப் போட்டியின் வெற்றிக் கோப்பையைத் தூக்கிக்கொண்டு போயிருந்தாள். போன வாரக் கூட்டத்தில் பீர் குவளையோடு எழுந்து, "தலைவரே, நீங்க எழுதுறதை மீனுங்க படிக்குதுன்னு நினைக்கிறேன். அதான் உங்க பக்கமே வர மாட்டேங்குது!" என்றாள். கூடமே சிரித்தது. மெல்ட்ரம் தொப்பியைச் சரிசெய்துகொண்டு எழுந்தார். அந்தத் தொப்பியில் இறகும் நூலும் கொண்டு மீனுக்கு இரையாக அவரே கட்டிய இருபத்து மூன்று பொய் ஈக்கள் குத்தியிருந்தன. "சனிக்கிழமை ஆறு மணிக்கு, ஃபியர்னா ஏரியிலேர்ந்து மூணு பவுண்டு ட்ரவுட் மீனோட தராசு முன்னாடி நிப்பேன். இல்லேன்னா என் நாற்காலி உனக்கு," என்று சொல்லித் தொலைத்தார். கூடம் இன்னும் பலமாகச் சிரித்தது.

இன்றைக்குச் சனிக்கிழமை. கூட வர யாரும் கிடைக்கவில்லை.

கிடைக்காததற்குக் காரணம் சங்கத்தின் ஒன்பதாம் விதி. இருவர் போகும் படகில் ஒருவர் தூண்டில், ஒருவர் துடுப்பு. மீன் பிடித்தவர் உடனே துடுப்புக்கு மாற வேண்டும். மற்றவருக்கு மீன் மாட்டும்வரை இவர்தான் துடுப்பு வலிக்க வேண்டும். மலைப்பக்க ஏரிகளில் சங்கம் பிறப்பதற்கு முன்பே இருந்த வழக்கம்தான். அதை அச்சில் ஏற்றியவர் மெல்ட்ரம். கீழே பொடி எழுத்தில் 'தலைவருக்குப் பொருந்தாது' என்று சேர்த்தவரும் அவரே. பதினான்கு வருடத்தில் ஏழு பேர் அவருக்குத் துடுப்பு வலித்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு போனார்கள். எட்டாவது ஆள் இன்னும் பிறக்கவில்லை.

காலையில் இரண்டு மணி நேரம் சேற்றில் நடந்து ஏரிக்கரைக்கு வந்தபோது, துடுப்புக் கொட்டகையின் சாவியை வைத்திருக்கும் இஷ்பெல் வாசலில் உட்கார்ந்து சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"தனியாவா, தலைவரே?"

"தனியாத்தான்."

"அப்ப அந்தக் கல்லைத் தூக்கி முன்பலகையில வச்சுக்கங்க." ஆட்டுக்குட்டி அளவுக்கு ஒரு கல் சுவரோரம் கிடந்தது. பல கைகள் பட்டு வழவழத்திருந்தது.

"கல்லெல்லாம் கத்துக்குட்டிங்களுக்கு, இஷ்பெல். நான் உட்கார்ற விதத்துலயே படகு நிக்கும்."

"படகு நிக்கிறதைப் பத்தி யாரு பேசினா? அந்த இடத்தைக் காலியா விடக் கூடாது. அவ்வளவுதான்."

"விட்டா? யாராச்சும் ஏறி உட்கார்ந்துக்குவாங்களா?"

அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. சிகரெட்டை ரப்பர் பூட்ஸில் தேய்த்து அணைத்தாள். "இந்த ஏரியில நல்ல மீனு ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு. எல்லாரும் அதுக்குத்தான் வர்றாங்க," என்றாள். பிறகு, தண்ணீரைப் பார்த்து, "எல்லாரும்," என்றாள்.

இப்போது மணி இரண்டரை. காற்று தணிந்துகொண்டே வந்தது. கடுந்தேநீர் நிறத்துத் தண்ணீர் எண்ணெய் ஊற்றியதுபோல் வழுவழுத்தது. மக்கிய பாசியும் நனைந்த கம்பளியும் கலந்த ஒரு வாசனை அதிலிருந்து மெல்ல எழுந்து, அவருடைய தேநீர்க் குடுவைக்குள்கூட இறங்கியது. மேட்டிலிருந்து மூடுபனி ஒரு ஆட்டுமந்தையின் அவசரமின்மையோடு சரிந்து வந்து முதலில் கொட்டகையை, பிறகு கரையை, பிறகு கரை இருந்தது என்கிற நினைப்பையே விழுங்கியது. அவருடைய கம்பளிச் சட்டை காய்ந்துதான் இருந்தது. நனைந்த கம்பளி வாசனை எங்கிருந்து வருகிறது என்று ஒருகணம் யோசித்தார். ஆடு, என்று தீர்மானித்தார்.

சொட்.

முன்பலகையின் விளிம்பிலிருந்து ஒரு துளி படகின் அடிக்கு விழுந்தது. கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. மழை இல்லை. காலையில் அந்தப் பலகை வெயிலில் வெளுத்து, எலும்பாய்க் காய்ந்திருந்ததை அவர் பார்த்திருந்தார். இப்போது அதன் நடுவில் ஒரு கறுப்பு ஈரம், ஒரு ஆள் உட்கார்ந்து எழுந்த அளவுக்கு. உட்கார்ந்து எழுந்த அளவுக்கா, அல்லது உட்கார்ந்திருக்கும் அளவுக்கா என்று பார்க்க அவர் குனியவில்லை.

"பனி," என்றார் உரக்க.

காற்று முழுதாக நின்றதும் மிட்ஜ் பூச்சிகள் வந்தன. கண்ணுக்குச் சரியாகத் தெரியாத அந்தப் பொடிப் பூச்சிகள் மனிதன் மூச்சுவிடும் இடத்தைத் தேடிவந்து தலைக்கு மேல் புகைத்தூண்போல் சுழலும். அவர் தலைக்கு மேல் சுழன்றன. காதுக்குள், இமைக்குள், சட்டைக் கழுத்துக்குள் புகுந்தன. அவர் கெட்ட வார்த்தை சொல்லி, அறைந்து, அறைந்த கையோடு நிமிர்ந்தார்.

முன்பலகைக்கு மேலும் ஒரு தூண் சுழன்றது. உட்கார்ந்திருக்கும் ஆளின் தலை உயரத்தில்.

அப்போதே கரைக்குத் திரும்பியிருக்கலாம். துடுப்பைத் தொடக்கூடச் செய்தார். ஆனால் வெறும் கையோடு திரும்பினால் ரோனா அந்த நாற்காலியில் உட்காருவாள். உட்கார்ந்து, பீர் குடித்து, 'நீரை வாசித்தல்' என்று இவர் குரலிலேயே சொல்லிக் காட்டுவாள். அந்தச் சிரிப்பு இந்த அமைதியைவிடப் பயங்கரமாக இருந்தது.

அந்த நேரம் பார்த்து இருபதடி தூரத்தில் தண்ணீர் வீங்கியது. துள்ளல் இல்லை, ஒரு பெரிய முதுகு கீழிருந்து மேலே அழுத்தி, வட்டம் விரிந்தது. அவர் எல்லாவற்றையும் மறந்தார். வீசினார். மோசமான வீச்சு, நூல் சுருண்டு தொப்பென்று விழுந்தது. மீன் அதையும் எடுத்தது.

தூண்டில் கோல் வில்லாய் வளைந்தது. நூல் சுற்றிய ரீல் அலறியது. நூல் பனிக்குள் கிழித்துக்கொண்டு ஓடியது, திரும்பியது, படகின் அடியில் புகுந்தது. மெல்ட்ரம் நூலை விட்டார், சுற்றினார், மறுபடி விட்டார். கால் மணி நேரம். கடைசியில் ஒரு மஞ்சள் விலா, ஒரு முழத்துக்கு மேல் நீளமாக, படகோரம் மல்லாந்தது. அவர் கண்ணை மீனிலிருந்து எடுக்காமல், பதினான்கு வருடப் பழக்கத்தில், இடது கையை நீட்டி அதட்டினார்:

"வலை!"

கைவலையின் பிடி அவர் உள்ளங்கையில் வைக்கப்பட்டது.

வாங்கினார். மீனை அள்ளினார். கட்டையால் அதன் தலையில் ஒரு தட்டு. வாயில் தராசுக் கொக்கி. நாலு பவுண்டு, நாலு அவுன்ஸ். "ரோனா," என்றார் பனியிடம், "இப்ப சிரிடி." நன்றியுரையின் முதல் வாக்கியம் வந்துவிட்டது. இந்த வெற்றியில் எனக்கு யாருடைய உதவியும்...

நிறுத்தினார்.

வலையின் பிடியைப் பார்த்தார். ஈரம். ஐஸாய்க் குளிர்ந்தது. அந்த வலை முன்பலகைக்குக் கீழே இருந்தது. காலையில் அவரேதான் வைத்தார். ஏழடி தள்ளி.

முன்பலகையைப் பார்த்தார். காலி. சொட். சொட்.

மீனைக் காலடியில் போட்டார். கோலை, அடிப்பக்கம் முன்னால் போகும்படி, படகின் நீளத்துக்குச் சாய்த்தார். நடுப்பலகைக்குத் தவழ்ந்தார். துடுப்பு வலிக்கிறவன் பின்முனையைப் பார்த்துத்தான் உட்கார வேண்டும். படகு செய்த நாள் முதல் அப்படித்தான். முன்பலகைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார்.

கண்ணெதிரே பின்முனை மெல்ல எழும்பியது. தண்ணீரை விட்டு, ஒரு சாண். அவர் பாரம் நடுவுக்கு வந்துவிட்டது. முன்னால் இருந்த பாரம் அங்கேயே இருந்தது.

வலித்தார். பழக்கமில்லாத கை. கொப்புளம். உடைந்தது. வலித்தார். பிடரியில் ஏதோ குளிர்ந்தது. மூச்சு அல்ல, பனி. பனிதான். திரும்பிப் பார்க்காமல் இருந்தால் பனி.

முதுகுக்கு அப்பால், வெகு அருகில், கூழாங்கற்களில் தண்ணீர் உரசும் சத்தம் கேட்டது. கரை! பிறகு குரல்.

"மீன் மாட்டுச்சா, தலைவரே?"

"மாட்டுச்சு!" அழுகை வந்தது அவருக்கு. "நாலு பவுண்டு! கயித்தைப் புடி இஷ்பெல், புடி!"

கல்லில் பூட்ஸ் நகரும் ஓசை. பிறகு, குரலைத் தாழ்த்தி:

"வலையை யாரு குடுத்தா?"

அவர் இன்னும் வேகமாக வலித்தார்.

"அப்ப படகுல ரெண்டு பேரு. முறை மாறிடுச்சு," என்றாள். "வலிங்க."

பூட்ஸ் சத்தம் தள்ளிப்போனது. கொட்டகைக் கதவின் தாழ்ப்பாள் விழுந்தது.

வலித்தார். கூழாங்கல் சத்தம் கிட்டே வரவில்லை. தூரப் போகவும் இல்லை. கைக்கடிகாரத்தில் ஆறு ஆனது, ஏழு ஆனது. நடு இரவுவரை மங்காத அந்த ஊர் ஜூன் மாத வெளிச்சம் அப்படியே நின்றது.

அவருக்குப் பின்னால் யாரோ கோலை எடுத்தார்கள். மரம் மரத்தில் உரசியது. ரீல் நிதானமாக, ஒவ்வொரு பல்லாக, சொடுக்கியது. நூல் அவர் தலைக்கு மேல் சீறிப் போய், அவர் பார்த்துக்கொண்டிருந்த தண்ணீரில், ஒரு துளியும் சிதறாமல் ஈயை இறக்கியது. தன் வாழ்நாளில் அவர் போட்டிராத வீச்சு.

ஈ மிதந்தது. எதுவும் எழவில்லை.

நூல் திரும்பியது. மீண்டும் வீச்சு. எதுவும் எழவில்லை.

காலடியில் அந்த ஏரியின் ஒரே நல்ல மீன் வாய் திறந்து கிடந்தது. மெல்ட்ரம் வலித்தார்.