நான்கு டிகிரி

யாரும் தொடாத பட்டை ஒன்றில் எண் தெரிந்தது. நான்கு.

அச்சடித்துக் காய்ந்த தாளைச் சோதனை மேஜையின் ரப்பர் விரிப்பில் அவள் பரப்பியிருந்தாள். கட்டில் அகலத் தாள்; அதில் வரிசை வரிசையாக ஆயிரம் பட்டைகள். நோயாளியின் நெற்றியில் ஒட்டினால் காய்ச்சல் எவ்வளவு என்று பட்டையே காட்டும். தோல் படாதவரை வெறும் சாம்பல் நிறம். விரல் வைத்துப் பார்த்து, எண் வராததைப் பேனாவால் அடித்துவிடுவதுதான் அவள் வேலை.

கணவன் இறந்து பதினோரு நாள். வீட்டில் எல்லோரும் முகத்தையே பார்க்கிறார்கள் என்று இன்றுதான் வேலைக்கு வந்திருந்தாள். அழுகை வரவில்லை. சோறு இறங்கியது, தூக்கம் வந்தது. உள்ளே மட்டும், பல் பிடுங்க ஊசி போட்ட ஈறு மாதிரி, எல்லாம் மரத்துக் கிடந்தது.

"அக்கா, இங்க ஒண்ணு தொடாமலே காட்டுது."

அச்சு இயந்திரத்தைத் துடைத்துக்கொண்டிருந்த அக்கா திரும்பவில்லை. "மை சரியா காஞ்சிருக்காது. எவ்வளவு காட்டுது?"

"நாலு."

"உயிரோட இருக்கிறவங்களுக்கு நாலு வருமா? அடிச்சு விடு." சொன்ன பிறகுதான் அக்காவுக்கு உறைத்தது. "டீ எடுத்துட்டு வரேம்மா" என்று கதவைச் சாத்திக்கொண்டு போனாள்.

ஏர்கண்டிஷனரின் சீரான முனகலுக்கும் புது மையின் கசந்த வாடைக்கும் நடுவே, யாரோ புரண்டு படுப்பதுபோல் தாள் மெல்லச் சரசரத்தது. காற்று என்று நினைத்தாள். ஆனால் விரிப்பு நடுவில் அமுங்கியிருந்தது.

பக்கத்துப் பட்டை. நான்கு. அதற்கடுத்தது. நான்கு. பத்து, ஐம்பது, நூறு பட்டைகள் சத்தமில்லாமல் கறுத்தன. மருத்துவமனையில் மூன்று நாள் அவனை வைத்திருந்த குளிர்பெட்டியின் கதவிலும் இதே எண்தான்.

எண்கள் வடிவமாயின. தலை. தோள். மடங்கிய முழங்கால். ஒருக்களித்து, சுவர்ப்பக்கம் இவளுக்கு இடம்விட்டுப் படுப்பானே, அப்படி.

ஓட வேண்டும் என்று தெரிந்தது. பயம்கூட வேறு யாருக்கோ வந்ததுபோல் தள்ளியே நின்றது.

முழங்கை கறுத்தது. மணிக்கட்டு. பிறகு ஐந்து கோடுகள், தாள்மேல் ஊன்றியிருந்த அவள் கையை நோக்கி.

அவள் விரலோரத்தில் முப்பத்தாறு என்று காட்டிய பட்டைகள் முப்பதாயின. இருபது. பதினொன்று.

கையை எடுக்க அவளுக்குத் தோன்றவே இல்லை.