மூன்று நாள் காயாத துண்டு

ஒரு ஆளுக்கு அரை லிட்டர் பால் போதும். பலவேசம் அதைக் காய்ச்சி இறக்கியபோது வாசலில் ஆட்டோ நின்றது. ஓட்டி வந்தவர் சுருளிவேல். ஐம்பது வயதைத் தாண்டியும் அடுத்தவர் வீட்டுச் சங்கதி என்றால் சோறு தண்ணி வேண்டாம் அவருக்கு. பின்னால் அழுத கண்ணோடு இறங்கியவள் ஜான்சி, தேனியில் ஏஞ்சல் பியூட்டி பார்லர் வைத்திருப்பவள்.

பலவேசம் அவளை உட்காரச் சொல்லவில்லை. வீட்டில் ஒரே நாற்காலி. அதில் அவர் உட்கார்ந்திருந்தார்.

ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவர் அவர். பால் குளிரூட்டும் நிலையத்தில் இருபத்தாறு வருடம், கேன் கேனாகப் பாலை மோந்தும் நாக்கில் வைத்தும் சோதித்தார். அந்த வேலை பார்த்தவன் மனிதர்களை நம்ப மாட்டான். ஓய்வு பெற்றபின் திருட்டு, புரட்டு என்று எதுவானாலும் அல்லிநகரத்துக்காரர்கள் அவரைத் தேடி வந்தார்கள். வேறு காரியத்துக்கு யாரும் வந்ததில்லை.

"சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள உண்மை தெரியலைன்னா போலீஸுக்குப் போயிருவேன்னு பொண்ணோட அப்பா சொல்லிட்டாக அண்ணாச்சி" என்றாள் ஜான்சி. "கேஸ் ஆச்சுன்னா என் கடை போச்சு. பத்து வருசம் நின்னே சம்பாதிச்ச கடை."

"அழுதது போதும். நடந்ததைச் சொல்லு."

சொன்னாள். சின்னமனூர்ப் பக்கம் திராட்சைத் தோட்டம் வைத்திருக்கும் விஜயகுமாரின் மகள் திரிஷாவுக்கு ஐந்து வாரத்தில் கல்யாணம். செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்கு முகம் பளிச்சென்று ஆக லாக்டிக் ஆசிட் லோஷன் போட்டுக்கொள்ள வந்தாள். போட்ட ஐந்து நிமிடத்தில் அலறினாள். கழுவிப் பார்த்தால் இரண்டு கன்னமும் வெந்த தக்காளி மாதிரி இருந்தது. தழும்பு விழாது, ஆனால் ஆறுவதற்கு ஒரு மாதமாவது ஆகும் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"காலையில என் மணிக்கட்டுல போட்டுப் பாத்தேன், ஒண்ணும் செய்யலை. ரெண்டு கஸ்டமருக்கும் போட்டேன். மத்தியானம் ஒண்ணுலேருந்து மூணு வரைக்கும் கடையைப் பூட்டிட்டுச் சாப்பிடப் போயிருந்தேன். அந்த நேரத்துலதான் யாரோ வேலையக் காட்டியிருக்காக. எப்சிபாதான் அண்ணாச்சி. என்கிட்ட வேலை பாக்குறவ. முந்தின நாள்தான் அவளைத் திட்டினேன். அவகிட்டயும் சாவி இருக்கு. நேத்தே நின்னுக்கோன்னு சொல்லிட்டேன். நீங்க நிரூபிச்சுக் குடுங்க."

"நிரூபிக்கிறதுக்கு முன்னாலயே வேலையை விட்டு நிறுத்தியாச்சு. அப்புறம் நான் எதுக்கு?"

சுருளிவேல் இடையில் நுழைந்தார். "ஆசிட்டை எதுக்குண்ணே மூஞ்சியில பூசுறாக?"

"ஏலே, தயிர்ல இருக்கிற புளிப்புதான் அது. பால் கெட்டா முதல்ல அதுதான் ஊறும். தண்ணியா இருந்தா செத்த தோலை உரிச்சு எடுக்கும், தோல்ல ஈரமும் நிக்கும். கெட்டியா இருந்தா உசுருள்ள தோலையும் உரிக்கும். திண்டுக்கல்ல தோல் பதப்படுத்துற ஷாப்புல தோல்ல ஏறின சுண்ணாம்பைக் கழட்டுறதும் இதுதான். ஊறுகாய்ல போடுறாக. ஆபரேஷன்ல தச்சா தானா கரைஞ்சு போற நூலு இருக்குல்ல, அதுகூட இதுலேருந்து வருதாம். எல்லாம் அளவுல இருக்கு."

"தயிரா இப்படிப் பொசுக்குச்சு!" என்றார் சுருளிவேல். அன்று மோர் குடிக்கப்போவதில்லை என்று அவர் முகத்திலேயே தெரிந்தது.

பார்லர் ஒரு மாடி வீட்டின் கீழ்த்தளம். பின்னறையில் கடப்பாக் கல் அலமாரி. மேல்தட்டில் லோஷன் பாட்டில். அதன் கழுத்துக்குக் கீழே சிவப்பு நெயில் பாலிஷில் ஒரு கோடு. கீழ்த்தட்டில் பழைய தண்ணீர் பாட்டில் ஒன்று, லேபிள் இல்லாமல்.

"இது என்ன?"

"ஒரிஜினல் ஆசிட் அண்ணாச்சி. மதுரையில சில்லறையா வாங்கினது. திங்கக்கிழமை திங்கக்கிழமை இதுல ஒரு மூடிக்கு ஒம்பது மூடி பன்னீர் ஊத்திக் கலக்குவேன். அந்தக் கோடு வரைக்கும் வரும்."

பலவேசம் பாட்டிலைச் சாய்த்தார். தண்ணீரைப் போலத் தெளிவாக இருந்தது. சாயும்போது மட்டும் சற்றுச் சோம்பலாகச் சாய்ந்தது. மோந்தார். ஏறக்குறைய வாசனையே இல்லை.

"செவ்வாய்க்கிழமை மூணு மணிக்கு லோஷன் எவ்வளவு இருந்துச்சு?"

"கோடு வரைக்கும்."

"காலையில ரெண்டு பேருக்குப் போட்ட பிறகுமா?"

ஜான்சி குனிந்து அந்தக் கோட்டை மறுபடி பார்த்தாள். பலவேசம் அதோடு விட்டுவிட்டார்.

கீழ்த்தட்டுக் கல்லில் ஓரிடம் மட்டும் மினுப்புப் போய்ச் சாம்பல் பூத்திருந்தது. அதற்கு மேலே சுவரில் மோட்டார் சுவிட்ச்.

"மோட்டாரைப் போட யார் வருவா?"

"மாடியில இருக்கிற வீட்டு ஓனர். சங்கிலி அய்யா. அவர்கிட்டயும் ஒரு சாவி இருக்கு, தினமும் மத்தியானம் வந்து போடுவாரு."

எப்சிபா தெரு முனையில் நின்றுகொண்டிருந்தாள். நாற்பத்தைந்து வயது இருக்கும். உள்ளே வரமாட்டேன் என்றாள். "வேலைக்கு வேணாம்னு சொன்ன கடையில எனக்கு என்ன சோலி? செவ்வாய்க்கிழமை மத்தியானம் நான் ரேஷன் கடை வரிசையில நின்னேன். வாங்கின அரிசி சாட்சி. திரும்பி வந்தா குடிக்கத் தண்ணிகூட இல்லை, கேன்காரன் நாலு மணிக்குத்தான் வந்தான். ரெண்டு வாரமா இந்தக் கடையில எதுவும் விளங்கலை. லோஷன் முன்ன மாதிரி கேக்க மாட்டேங்குதுன்னு கஸ்டமரெல்லாம் வஞ்சாக. அதுக்கும் என்னயத்தான் திட்டுனாக."

பக்கவாட்டில் மாடிப்படி. படியோரக் கொடியில் ஒரு வெள்ளைத் துண்டு தொங்கியது. சித்திரை வெயில் தரையைப் பொரித்துக்கொண்டிருந்தது. படியின் பாதியில், நிழல் விழுந்த இடத்தில், சங்கிலி நின்றார். அறுபத்தைந்து வயது இருக்கும். நாலைந்து நாள் தாடி. முகத்தைச் சுவர்ப்பக்கம் வைத்துக்கொண்டே பேசினார்.

"என்ன கூட்டம்?"

"விசாரிக்க வந்தோம்."

"விசாரிச்சுட்டுச் சீக்கிரம் கிளம்புங்க. இன்னைக்கு வெள்ளிக்கிழமை, அஞ்சு மணிக்கு எனக்குப் போன் வரும், சிங்கப்பூர்லேருந்து. அப்ப இங்கன சத்தம் கூடாது." பேசிக்கொண்டே கையை நீட்டித் துண்டைத் தொட்டுப் பார்த்தார். எடுக்கவில்லை. மேலே போய்விட்டார்.

அவர் போனதும் பலவேசம் அந்தத் துண்டைத் தொட்டார். நடுவில் உள்ளங்கை அளவுக்கு ஈரம். பிசுக்கு. அந்த இடத்தில் மட்டும் தெருப்புழுதி ஒட்டியிருந்தது. எதிர்வீட்டில் துணி எடுத்துக்கொண்டிருந்த பெண்ணிடம் கேட்டார்: "இது எப்ப தாயி காயப் போட்டது?"

"அது கிடக்கு, செவ்வாய்க்கிழமையிலேருந்து. பொண்டாட்டி இல்லாத மனுசன், யார் எடுத்து மடிப்பா?"

பலவேசம் துண்டைக் கொடியிலிருந்து எடுத்து ஒரு பையில் போட்டுக்கொண்டார். பிறகு சுருளிவேலைக் கூப்பிட்டு நாலு ரூபாய்க்கு ஆப்பசோடா வாங்கி வரச் சொன்னார்.

ஐந்துக்குக் கால் மணி இருக்கும்போது எல்லாரும் பார்லரில் இருந்தார்கள். விஜயகுமார் உட்காரவில்லை. திரிஷா முகத்தைத் துப்பட்டாவால் மூடியிருந்தாள். எப்சிபா கதவோரம் நின்றாள். மோட்டார் ஓடவில்லை என்று பொய் சொல்லிச் சங்கிலியைச் சுருளிவேல் கீழே கூட்டி வந்திருந்தார்.

"யாருன்னு சொல்லுங்க பெரியவரே" என்றார் விஜயகுமார். "எனக்குத் தோட்டத்துல வேலை கிடக்கு."

"சொல்றேன். கெடுதல் பண்ண வந்தவன் கோடு பாத்து ஊத்துவானா? கலந்துட்டுப் போய்க்கிட்டே இருப்பான். இந்தப் பாட்டில் மத்தியானம் திரும்பவும் கோடு வரைக்கும் நிறைஞ்சிருக்கு. அப்ப ஊத்தின ஆளு கெடுக்க வரலை. எடுத்ததை மறைக்க ஊத்தியிருக்கான்."

"யாரு லோஷனைத் திருடுவா?" என்றாள் ஜான்சி.

"ரெண்டு வாரமாத் திருடு போயிருக்கு தாயி. எடுத்த அளவுக்குத் தண்ணி ஊத்தி வச்சதாலதான் லோஷன் கேக்கலைன்னு கஸ்டமர் வஞ்சாக. நீ இந்தப் பொம்பளையைத் திட்டின. பால்காரன் பண்ற அதே வேலைதான், நான் இருபத்தாறு வருசம் பாத்தது. செவ்வாய்க்கிழமை தண்ணி கேன் காலி, மோட்டார் ஓடுறதுக்கு முன்னால குழாயிலயும் தண்ணி வராது. அந்த ஆளு சுத்திப் பாத்தான். கீழ்த்தட்டுல தண்ணி பாட்டில் இருந்துச்சு. எடுத்து ஊத்தினான். கொஞ்சம் சிந்திச்சு. துடைச்சான். கடப்பாக் கல்லு சுண்ணாம்பு ஜாதி, புளிப்புப் பட்டா மினுப்புப் போயிரும். அங்கன பாருங்க."

எல்லாரும் பார்த்தார்கள்.

பலவேசம் கையிலிருந்த பையைத் திறந்து வெள்ளைத் துண்டை எடுத்தார். சங்கிலியின் கை தானாக முகத்துக்குப் போனது.

"இந்த வெயில்ல தண்ணி பட்ட துணி பத்து நிமிசத்துல காயும். இது மூணு நாளாக் காயலை. எண்ணெய்னா வாடை வரும். சீனிப்பாகுன்னா எறும்பு மொய்க்கும். இதுக்கு ஒரு எறும்புகூட வரலை. லாக்டிக் ஆசிட் ஆவியாப் போகாது. காத்துல இருக்கிற ஈரத்தையும் இழுத்து வச்சுக்கிடும்."

ஈரத்தின் மேல் ஆப்பசோடாவைத் தூவினார். சுர்ரென்று நுரை பொங்கியது. சுருளிவேல், "ஆத்தாடி!" என்றார்.

விஜயகுமார் சங்கிலியை நோக்கி ஒரு எட்டு வைத்தார். பலவேசம் குறுக்கே கையை நீட்டினார்.

"பொறுங்க தம்பி. துண்டு இன்னொண்ணும் சொல்லுது. ஆசிட்டுன்னு தெரிஞ்சவன் இதைத் துவைச்சிருப்பான், இல்ல எரிச்சிருப்பான். கொடியில போட்டு, காஞ்சுதா காஞ்சுதான்னு தொட்டுப் பாத்துக்கிட்டு இருக்க மாட்டான். நான் யாரையும் லேசுல நம்புறவன் இல்லை. இந்த ஆளை நம்புறேன்."

சங்கிலி சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"தண்ணின்னு நினைச்சுத்தான்யா ஊத்தினேன். கொஞ்சம் பிசுபிசுன்னு இருந்துச்சு, பழைய பாட்டில்னு நினைச்சேன். பொண்ணுக்கு இப்படி ஆனதும், தினம் தண்ணி ஊத்தி ஊத்தி லோஷனை விசமாக்கிட்டேன் போலன்னு பயந்து வாயைத் திறக்கலை."

"உங்களுக்கு எதுக்குய்யா லோஷன்?" என்றாள் ஜான்சி.

அவர் அப்போதுதான் வெளிச்சத்தில் திரும்பினார். இரண்டு கன்னத்திலும் கருப்பாக மங்கு படர்ந்திருந்தது. அதன் மேல், பூசிப் பூசி வெயிலிலும் நின்றதால், தோல் வெங்காயச் சருகு போல உரிந்திருந்தது. சவரக் கத்தி வைக்க முடியாத முகம்.

"பேத்திக்கு மூணு வயசு. போன்ல என்னயப் பாத்ததும் பூச்சாண்டின்னு அழுதுச்சு. மகன் சிரிச்சான். அப்புறம் போனைக் குழந்தை பக்கமே காட்டுறதில்லை. என் வீட்டுக்காரி போன பிறகு வாரத்துல ஒருநாள், அஞ்சு நிமிசம், அந்தப் போன்தான் எனக்கு. மத்த நாள் இந்த வீட்டுல என் சத்தமே எனக்குக் கேக்காது."

பலவேசம் ஜான்சியைப் பார்த்தார். "ஆசிட்டைத் தண்ணி பாட்டில்ல, பேர்கூட எழுதாம வச்சது உன் தப்பு. அந்த ஆள் பண்ணினதைவிட அது பெரிய தப்பு. எப்சிபாகிட்ட என்ன சொல்லணுமோ, அதை நீயே சொல்லு."

ஜான்சி எப்சிபாவின் கையைப் பிடித்தாள். எப்சிபா கையை உருவவில்லை. முகத்தை மட்டும் திருப்பிக்கொண்டாள்.

"கேஸ் குடுக்கணுமா, வேணாமா? நீ சொல்லும்மா" என்றார் விஜயகுமார் மகளிடம்.

திரிஷா துப்பட்டாவை எடுத்தாள். கன்னம் இன்னும் சிவந்துதான் இருந்தது.

"வேணாம்ப்பா" என்றாள். பிறகு சங்கிலியிடம், "நேத்து மாப்பிள்ளை வீடியோ கால் பண்ணினாரு தாத்தா. என் மூஞ்சியைப் பாத்ததும் சிக்னல் இல்லைன்னு சொல்லி வச்சுட்டாரு. எங்க வீட்டுல சிக்னல் நல்லாத்தான் இருக்கும்."

விஜயகுமாருக்கு இது புதுச் செய்தி. அவர் முதல்முறையாக நாற்காலியில் உட்கார்ந்தார்.

மணி ஐந்து. சங்கிலியின் சட்டைப்பையில் போன் அடித்தது. அவர் கை பழக்கத்தில் தோளைத் தடவியது. மூடிக்கொள்ளத் துண்டு இல்லை. போன் அடித்துக்கொண்டே இருந்தது.

"எடுங்க தாத்தா" என்று திரிஷா அவர் பக்கத்தில் போய் நின்றாள். "பாப்பாவைக் காட்டச் சொல்லுங்க. ரெண்டு பூச்சாண்டியாப் பாக்கட்டும்."

பலவேசம் துண்டோடு வெளியே வந்துவிட்டார். குழாயடியில் அதை இரண்டு முறை அலசிப் பிழிந்து கொடியில் போட்டார். உள்ளே ஒரு குழந்தை முதலில் வீறிட்டது. பிறகு திரிஷா என்னமோ செய்து காட்டியிருக்க வேண்டும். அழுகை நின்றது. இன்னொரு தடவை, இன்னொரு தடவை என்று குழந்தை கேட்டது.

"நம்ம வீட்டுக்கு வாங்கண்ணே, சாப்பிட்டுப் போகலாம்" என்றார் சுருளிவேல்.

"வேணாம்டா. பால் இருக்கு."

ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தார். துண்டு அதற்குள் பாதி காய்ந்து காற்றில் ஆடியது. சட்டைப்பையிலிருந்து தன் போனை எடுத்துப் பார்த்தார். முந்தாநாள் ஏற்றிய சார்ஜ் அப்படியே இருந்தது. மறுபடி பையில் வைத்துக்கொண்டு, "போடா" என்றார்.