கண்ணுக்குள் நின்றவர்

செத்துப்போனவர்களின் கண்ணுக்குள் எட்டிப் பார்க்க அன்று பதினேழு பேர் டோக்கன் வாங்கியிருந்தார்கள். முதல் டோக்கன் நாகப்பட்டினம் கலியபெருமாளுடையது.

"அப்பாவுக்குத் தொண்ணூத்தி மூணு வயசு, மேடம். டாக்டரு நாள் குறிச்சிட்டாரு. இன்னி வரைக்கும் தாத்தாவுக்கு ஒரு திதி குடுத்ததில்ல. போட்டோவ வீட்டுக்குள்ள விட்டதில்ல. பேரு சொல்ல மாட்டாரு, 'அந்தாளு'தான்."

லிதியா தலையசைத்துக்கொண்டே விழிமீட்பியை முடுக்கினாள்.

பழைய செய்திப்படங்களில் கேமராவைப் பார்க்கிறவர்களின் கண்மணியில், கேமராவுக்குப் பின்னால் இருந்த உலகம் கடுகளவுக்குப் பதிந்திருக்கும். விநாடிக்கு இருபத்து நான்கு சட்டகம். ஒவ்வொன்றிலிருந்தும் துளித்துளியாக ஒளியைச் சேர்த்து, விழிமீட்பி அந்தக் கடுகை ஒரு ஜன்னலாக விரித்துக் காட்டும். போர்க்காலக் கப்பல்களிலும் துறைமுகங்களிலும் தொலைந்துபோனவர்களை, ஜனங்கள் அடுத்தவர் கண்ணில் தேடிக் கண்டுபிடித்துக்கொண்டிருந்தார்கள்.

கலியபெருமாள் கேட்ட படம் லிதியாவுக்கு மனப்பாடம். 1942 மார்ச். ரங்கூன் அகதிகளைக் கப்பலிலிருந்து கரைக்குக் கொண்டுவந்த படகு, படகுத்துறைக்குச் சில அடி முன்னால் மூழ்குகிறது. அதில் இடுப்புவரை மூழ்கிவிட்ட ஒரு பெண் கேமராவை நோக்கி இரண்டு கைகளையும் நீட்டுகிறாள். பதினொரு விநாடி. பிறகு தண்ணீர் மட்டும். அவள்தான் கலியபெருமாளின் பாட்டி தையல்நாயகி. படத்தை எடுத்தவர் லிதியாவின் தாத்தா ஞானாதிக்கம். இந்த ஆவணக்காப்பகத்துக்கே அவர் பெயர்தான்.

"அப்பாவுக்கு அப்ப நாலு வயசு. மீன்காரங்க தூக்கிக் கரையில போட்டாங்க. அங்க ஒருத்தன் கால்மாட்டுல கயிறு கெடந்துச்சாம். மூஞ்சிய மறைச்சுக்கிட்டு அப்படியே நின்னானாம். 'அப்பா வந்து நிப்பாரு'ன்னு பாட்டி வழியெல்லாம் சொல்லிக்கிட்டு வந்துச்சா, அது அப்பன்தான்னு புள்ள மனசுல விழுந்துருச்சு. 'என்னைத் துறைமுகக் கேட்டுக்கு வெளியிலயே மறிச்சிட்டாங்கடா'ன்னு சாகுற வரைக்கும் சொன்னாரு தாத்தா. யாரு நம்புனா?"

"பாத்துடலாம், சார். மொதல்ல நான் பாக்கணும். அதுதான் விதி. சில காட்சி தாங்க முடியாது. வெளியில உக்காருங்க."

எழுந்தவர் வாசலில் நின்றார். "உங்க தாத்தா புண்ணியவான், மேடம். அவரு எடுக்கலேன்னா பாட்டி மூஞ்சிகூட எங்களுக்குத் தெரியாது."

கதவு சாத்திக்கொண்டது. சுவரிலிருந்த காவல்கேமரா லிதியாவின் முகத்தைப் பார்த்துச் சிவப்பாகக் கண்விழித்தது. மீட்பவர் காட்சியைத் திருத்திவிடக் கூடாதே என்று லிதியாவே எழுதிய விதி. அதன் பதிவு நேராக மத்தியக் கிடங்குக்குப் போய்விடும். அழிக்க யாருக்கும் உரிமை கிடையாது.

அவளுக்கும் உள்ளுக்குள் ஒரு பரபரப்பு. தாத்தா கேமராவோடு நிற்கிற படம் வீட்டில் ஒன்றுகூட இல்லை. கேமராவைப் போட்டுவிட்டுக் குதிக்கப் போனவரை நாலு பேர் பிடித்துக்கொண்டார்கள் என்ற கதைதான் இருந்தது. பாடப்புத்தகத்திலும் அதுதான் இருந்தது.

தையல்நாயகியின் கண்மணி விரிந்தது. முதலில் வானம். பிறகு தூரத்தில் ஒரு இரும்புக் கேட்டு. அதன்மேல் பாதி ஏறிவிட்ட ஒருவனை இரண்டு காவலாட்கள் காலைப் பிடித்து இழுக்கிறார்கள்.

நடுவில் முக்காலி. கேமராவுக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டு ஞானாதிக்கம். பக்கத்தில் நாலு பேர் இல்லை. ஒருவர்கூட இல்லை. வலது கை கைப்பிடியைச் சீராகச் சுற்றுகிறது. இடது காலடியில் சுருட்டி வைத்த கயிறு.

பதினொரு விநாடியும் அந்தக் கால் அசையவில்லை.

திரையில் இரண்டு பொத்தான்கள்: சேமி, அழி.

லிதியா அழித்தாள்.

"ஒண்ணுமே தெரியலியா, மேடம்?" கலியபெருமாள் நம்பாமல் பார்த்தார். "ஒரு கேட்டு, ஒரு கம்பி?"

"அலையில கலங்கிப்போச்சு, சார்."

அவர் மஞ்சள் பையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போனை எடுத்தார். "அப்பா, ஒண்ணும் தெரியலியாம்ப்பா." கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார்.

"என்ன சொல்றாரு?" என்றாள் லிதியா.

"'எனக்குத்தான் தெரியுமே'ங்குறாரு."

அவர் போனதும் லிதியா அறைக்குத் திரும்பி நாற்காலியில் சாய்ந்தாள். அப்போதுதான் எதிரில் அந்தச் சிவப்பு வெளிச்சம் கண்ணில் பட்டது.

பதினொரு விநாடி. இமை கொட்டாமல் பார்த்திருந்தாள். முக்காலி, கயிறு, அசையாத கால், அழித்த விரல், எல்லாமே அவள் கண்மணியில் கடுகளவுக்குப் பதிந்து, கிடங்குக்குப் போய்ச் சேர்ந்தாகிவிட்டது. விரித்துப் பார்க்க யாராவது ஒரு நாள் டோக்கன் வாங்குவார்கள். அதற்குள் நாகப்பட்டினத்துக் கிழவர் இருக்க மாட்டார்.

ஜன்னலுக்கு வெளியே, தெருவுக்கு அந்தப் பக்கம், கலியபெருமாள் இன்னும் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தார். கூப்பிட்டால் கேட்கும் தூரம்.

லிதியாவின் கால் அசையவில்லை. கேமரா ஓடிக்கொண்டிருந்தது.