உடன்நாளில் சிரித்தவள்

“சிரிச்சியா, இல்லையா? அத மட்டும் சொல்லு.”

“சிரிச்சேன் ராத்தா, அதுக்காக...”

“அதுக்காகவாம்! ஒரு தடவையா ரெண்டு தடவையா? பொழுதன்னிக்கும் பல்லக் காட்டியிருக்க. நடுவுல பரோட்டா வேற!”

“பசிச்சுது, தின்னேன். பயறு முளைச்ச அன்னைக்கு மூஞ்சத் தூக்கி வச்சுக்கிட்டு இருக்கச் சொல்லுதியளா?”

“முளைக்கட்டும், யாரு வேண்டாங்கா? உடன்நாள் அன்னைக்குப் பாத்தா முளைக்கணும்? ஒரு நாள் தள்ளி முளைச்சா என்ன கேடு?”

“அத நீங்க பயறுகிட்டதான் கேக்கணும்!”

கொற்கைப் பல்கலைக்கழகத்து மகளிர் விடுதியில் இன்னும் விடியவில்லை. அதற்குள் பக்கத்து அறைக்காரிகள் இரண்டு முறை சுவரைத் தட்டியாகிவிட்டது. இசக்கியம்மாள் ஜன்னலுக்கும் கதவுக்கும் நடந்துகொண்டே இருந்தாள். நிலோஃபர் கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, உள்ளங்கையில் ஒரு நாள்பட்டையை வைத்துக்கொண்டிருந்தாள். விரல் நகம் அகலத்தில் மெல்லிய ஒட்டுத் தகடு. விடுதியில் எல்லோருக்கும் அவள் ‘ராத்தா’தான், அக்கா முறை. ஆராய்ச்சியில் சேர்ந்து ஐந்து வருஷம் ஆயிற்று. உள்நிதி வாங்குவதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது.

“இங்க வா. சூரியன் வர்றதுக்குள்ள ஒட்டணும். மாற்று நாள் குடுக்க இன்னையோட கடைசி.”

“எனக்கு அந்த நாளே போதும் ராத்தா. அது பொய்யில்ல.”

“இதுவும் பொய்யில்லட்டி. இன்னைக்கு நீ நெசமாவே பட்டினி கிடக்கப் போற.”

பல்கலைக்கழகம் தன் கையிலிருந்து ஆராய்ச்சிக்குக் கொடுக்கும் பணம்தான் உள்நிதி. ஒரு காலத்தில் விண்ணப்பத்தை வாசித்துத்தான் கொடுத்தார்கள். ஆங்கிலத்தை வளைத்து வளைத்து எழுதத் தெரிந்தவர்கள் வாரிக்கொண்டு போனார்கள். வீட்டில் முதல் ஆளாகப் படிக்க வந்த பிள்ளைகள் வாசலிலேயே நின்றார்கள். அதைச் சரிசெய்யத்தான் சேர்ப்பு மையம் என்று ஒன்றைத் தொடங்கினார்கள். காகிதம் பேச வேண்டாம், உடம்பு பேசட்டும் என்று விதி வந்தது. விண்ணப்பிக்கிறவர் ஒரு நாள் முழுக்கக் காதுக்குப் பின்னால் பட்டையை ஒட்டிக்கொள்ள வேண்டும். எந்த நாள் என்று மையம் முதல்நாள் ராத்திரிதான் சொல்லும். பசி, களைப்பு, கால்வலி, காதில் விழும் பேச்சு, தொண்டையில் சிக்கும் அழுகை எல்லாம் அதில் ஏறும். பிறகு உணர்குழுவினர் நாற்காலியில் சாய்ந்து, கண்ணை மூடி, அந்த நாளை உடுத்துவார்கள். உடுத்துகிறவர் அந்த நாளை அப்படியே வாழ்ந்து எழுவார். அதன் பேர்தான் உடன்நாள்.

முதல் வருஷம் பெரிய பெரிய பேராசிரியர்கள் தேம்பித் தேம்பி அழுதார்களாம். லிஃப்ட் நின்றுபோன மாடிப்படியின் கீழே சக்கர நாற்காலியில் காத்திருந்தவனின் மதியம் அவர்களை உலுக்கியது. வகுப்பில் எல்லோரும் சிரித்த ஒரு வேடிக்கை தனக்கு மட்டும் புரியாமல் உட்கார்ந்திருந்தவளின் காலைப்பொழுதும் அப்படித்தான். அந்த வருஷம் நிதி நியாயமாகத்தான் போய்ச் சேர்ந்தது. ஆனால் நித்தம் சாவாருக்கு அழுவார் உண்டா? வருஷத்துக்கு இருநூறு நாள் உடுத்துகிறவருக்குச் சின்ன வலியெல்லாம் கொசுக்கடியாகிவிட்டது. பிள்ளைகளுக்கும் அது புரிந்துபோயிற்று. உடன்நாள் அன்று ஒரு அளவு சிறிய செருப்பு போடுவது, சாப்பாட்டைத் தள்ளிப்போடுவது, பழைய பகையாளியைத் தேடிப் போய்ப் பேசுவது என்று விடுதியில் ஒரு கலையே வளர்ந்தது. அதற்கு நிலோஃபர்தான் வாத்தியார்.

“உள்நிதி இல்லன்னா வளர்கூடு யாருக்குப் போகும்னு தெரியுமா?”

இசக்கி நடப்பதை நிறுத்தினாள்.

வளர்கூடு என்பது அவளுடைய பயறுத் தட்டுகள் இருக்கிற குளிர்ந்த கண்ணாடி அறை. ஒரு காலத்தில் கொற்கையை விட்டு விலகிப் போன கடல் இப்போது திரும்பி வந்துவிட்டது. சுற்று வட்டாரக் கிணறுகளெல்லாம் உப்பு. அந்த உப்புத் தண்ணீரில் பயறு முளைக்க வேண்டும் என்று நாலு வருஷம் வேரில் பூஞ்சையை ஏற்றி ஏற்றிப் பார்த்தாள். போன வாரம்தான் முளைத்தது. முளைத்தது வளர்ந்து, காய்த்து, அந்த விதையும் முளைத்தால்தான் முளைத்ததற்கு அர்த்தம். வளர்கூட்டை விட்டு வெளியே எடுத்தால் ஒரே மதியத்தில் கருகிவிடும்.

கிட்டே வந்து, கூந்தலை ஒதுக்கிக் காதைக் காட்டினாள்.

“ஒட்டுங்க.”

*

பட்டையை மையத்தில் பதிந்தால்தான் மாற்று நாள் செல்லும். எஸ்தர் மேடம் காலையிலேயே வந்திருந்தார். பதிவுகள் சரியாக இருக்கின்றனவா என்று குழுவுக்கு முன்பே உடுத்திப் பார்க்கிறவர் அவர்தான்.

“உக்காரும்மா.”

“நிக்கேன் மேடம்.”

“உன் நாளை நான் ரெண்டு தடவ உடுத்தினேன். விதிப்படி ஒரு தடவ போதும். இன்னொரு தடவ சும்மா... எனக்காக.”

“அப்பம் நல்லாத்தான இருந்துச்சு?”

“ரொம்ப நல்லா இருந்துச்சு. அந்தக் கண்ணாடிக்குள்ள குனிஞ்சு பாக்குறப்போ உனக்கு நெஞ்சுக்குள்ள ஒண்ணு எழும்புச்சே, அது என்னன்னு எனக்கு மறந்தே போச்சு. அதான் பிரச்சனை. போன வருஷம் ஒரு பையனுக்குத் தங்கச்சி கல்யாணத்தன்னைக்கே உடன்நாள் வந்துச்சு. குழு உடுத்திட்டு சந்தோஷமா எழுந்தாங்க. ‘இவனுக்கு என்ன குறை?’ன்னு ஒதுக்கிட்டாங்க.”

“உப்புத் தண்ணியில பயறு முளைச்சிருக்கே மேடம். அத யாரும் பாக்க மாட்டாங்களா?”

“பயறுக்குப் பட்டை ஒட்ட முடியாதேம்மா.”

எஸ்தர் மேடம் திரையை அவள் பக்கம் திருப்பினார். மாற்று நாளைப் பதிந்தால் முதலில் கொடுத்த நாள் அழிந்துபோகும். அழிந்ததைத் திரும்ப எடுக்க முடியாது.

“அழிக்கவா?”

இசக்கி தலையை ஆட்டினாள். எஸ்தர் மேடத்தின் விரல் திரைக்கு மேலே சற்று நேரம் நின்று, பிறகு தொட்டது.

“போச்சு. இனிமே அது உங்கிட்டயும் எங்கிட்டயும் மட்டுந்தான் இருக்கு.” எழுந்து கதவு வரை வந்தார். “நல்லா இருன்னு சொல்லக்கூட முடியலையே. என்ன சொல்லி உன்னை அனுப்ப?”

*

பத்து மணிக்கு வெயிலடைப்புச் சங்கு ஊதியது. இனி நாலு மணி வரை தெருவில் ஈ காக்கை நடமாடாது. இசக்கி அறைக்குள் அடைந்து கிடந்தாள். மின்விசிறியை ராத்தா நிறுத்திவிட்டாள். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படவில்லை. கால் விரல்கள் இறுக்கமான ஷூவுக்குள் நசுங்கிக் கிடந்தன.

பட்டையின் ஓரத்தில் ஒரு பொட்டு வெளிச்சம் உண்டு. மனசு கலங்கினால் சிவக்கும். நிலோஃபர் அவள் தலையைச் சாய்த்துப் பார்த்தாள்.

“பச்சையாவே கிடக்கு. என்னத்தட்டி நினைச்சுட்டிருக்க?”

“மூணாவது தட்டுல ஒண்ணு ரெட்டை இலை விட்டிருந்துச்சு. இப்பம் எப்பிடி இருக்கோன்னு...”

“அய்யோ அல்லாவே! சிரிக்கா பாரு!”

“வெறும் பசிக்கெல்லாம் எனக்கு அழுகை வராது ராத்தா. சின்னதுல இருந்தே பழக்கம்.”

“பசி எல்லாருக்குந்தான் பழக்கம். வெளிய இருந்து வர்ற வலி செல்லாது. உள்ள இருந்து வரணும். எனக்கு நிக்காஹ் பேச்சு முறிஞ்சுதுல்ல?”

“ஆமா, போன வருஷம்.”

“நான்தான் முறிச்சேன். உடன்நாள் அன்னைக்கு மத்தியானம். அவருக்கு நானா ஃபோன் போட்டு, வேண்டாம்னுட்டேன். குழுவுல எல்லாரும் அழுதாங்களாம்.” நிலோஃபர் தலையணை உறையை நீவி நீவி விட்டாள். “நல்ல மனுஷன்தான்.”

இசக்கி எழுந்து மறுபடி நடக்கத் தொடங்கினாள். ஷூ கடித்தது. கடித்ததை யாரும் மதிக்கப் போவதில்லை என்று தெரிந்ததும் ஷூவைக் கழற்றி மூலையில் வீசினாள்.

“உங்க அம்மாவுக்குப் போடு,” என்றாள் நிலோஃபர்.

“அம்மாவுக்கா? அவ சண்டையே போட மாட்டாளே.”

“போடச் சொல்லு.”

அடைப்பு நேரம்தான் ஊரே ஃபோன் பேசுகிற நேரம். முதல் மணியிலேயே எடுத்தாள் அம்மா.

“ஏட்டி இசக்கி, சாப்பிட்டியா?”

“இல்லம்மா.”

“ஏன், உடம்புக்கு என்ன?”

“ஒண்ணுமில்ல. எம்மா, எனக்கு ஒரு ஒத்தாசை செய்யி. என்னத் திட்டு.”

“என்னது?”

“திட்டும்மா. மனசுல தைக்கிற மாதிரி.”

“படிச்சுப் படிச்சு மண்டையில கிறுக்கு ஏறிட்டா? ஏ நிலோபரு, பக்கத்துல இருக்கியா தாயி?”

நிலோஃபர் குனிந்து விளக்கினாள். “இது பரீட்சை மாதிரி மாமி. இவ காதுல பட்டை ஒட்டியிருக்கோம். இன்னைக்கு இவ மனசு வலிச்சாதான் உள்நிதி கிடைக்கும். நீங்க பேசுறது அவங்களுக்கும் கேக்கும். இவளுக்கு வலிச்சா அவங்களுக்கும் வலிக்கும்.”

“பெரிய மனுசங்களுக்குமா?”

“அவங்களுக்குந்தான்.”

“அப்பம் சரி. நல்லாத் திட்டிருவோம்.” அம்மா தொண்டையைச் செருமினாள். “ஏ மூதேவி! சோம்பேறி! உடுத்துன துணிய மடிச்சு வைக்கத் துப்பில்ல, உனக்கு ஆராய்ச்சி ஒரு கேடா? கழுத வயசாச்சு, ஒரு ரசம் வைக்கத் தெரியுமா உனக்கு?”

இசக்கி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துவிட்டாள். நிலோஃபர் தலையில் அடித்துக்கொண்டாள்.

“சிரிக்காளே!” அம்மாவும் சிரித்தாள். “இரு, இரு. யோசிக்கட்டும்.”

அந்தப் பக்கம் குடத்திலிருந்து செம்பில் தண்ணீர் சாய்க்கிற சத்தம் கேட்டது. மடக்கென்று ஒரு வாய் குடிக்கிற சத்தமும் கேட்டது. பிறகு வந்த குரல் தணிந்து வந்தது.

“பொங்கலுக்கு வந்தல்லா?”

“ஆமா.”

“பஸ்ஸ விட்டு எறங்கி வேர்த்து வடிய வந்த. செம்புல தண்ணி கொண்டாந்தேன். வாங்குன, கீழ வச்சுட்ட. நான் அடுப்படிக்குப் போயிட்டேன்னு நினைச்சு, பைக்குள்ள இருந்து பாட்டில எடுத்துக் குடிச்ச. நான் கதவுக்குப் பின்னாலதான் நின்னேன்.”

“எம்மா, அது வந்து...”

“திட்டச் சொன்னல்லா, கேளு. உங்கூட வந்த பிள்ள, வேத்து வீட்டுப் பிள்ள, அந்தச் செம்ப எடுத்துக் குடிச்சா. உப்புக் கரிச்சு மூஞ்சி கோணிச்சு. ஆனாலும் குடிச்சா.”

நிலோஃபர் கட்டிலை விட்டு எழுந்து ஜன்னல் பக்கம் போனாள்.

“நாலு நாள் இருந்த. நாலு நாளும் பாட்டில்தான். அஞ்சாம் நாள், வேலை இருக்கு, போறேன்ன. வேலை இல்லட்டி. தண்ணி தீந்துட்டு. எனக்குத் தெரியாதா?”

“எம்மா...”

“போம்போது மட்டும் கிணத்துல ரெண்டு கேன் கோரிட்டுப் போன, ஆராய்ச்சிக்குன்னு. முளைச்சுட்டாம்லா? நிலோபரு சொல்லித்தான் தெரியும். ஊருக்கெல்லாம் சொன்னவ, எனக்கு ஒரு ஃபோன் போடல. எங்கிணத்துத் தண்ணியக் குடிச்சுப் பயறு முளைக்கு. எம்மவ குடிக்க மாட்டா.”

அறைக்குள் அனல் அடித்தது. இசக்கியின் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. அந்தச் செம்பு அவள் கண்ணில் நின்றது. அதன் விளிம்பில் ஒரு நெளிவு உண்டு. அதை வாங்கியதும், வைத்ததும், பாட்டில் மூடியைச் சத்தமில்லாமல் திருகியதும் அவள் கைக்கு ஞாபகம் இருந்தது. யாரும் பார்க்கவில்லை என்றுதான் இத்தனை மாசமும் இருந்தாள்.

நிலோஃபர் திரும்பிப் பார்த்தாள். பொட்டு சிவந்திருந்தது. ஐந்து வருஷத்தில் யார் காதிலும் அவள் பார்த்திராத சிவப்பு. அவள் ‘ஆச்சு’ என்று சொல்லவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

இசக்கியின் கை காதுக்குப் போனது. இப்போது பிய்த்துப் போட்டால் இந்த நாளும் செல்லாது. முதலில் கொடுத்த நாளும் இன்று காலையே அழிந்தாயிற்று. தட்டுகள் வெயிலுக்கு வந்துவிடும். பிய்க்காவிட்டால் முகம் தெரியாத ஏழு பேர் நாற்காலியில் சாய்ந்து, அம்மா கதவுக்குப் பின்னால் நின்றதை ஒவ்வொருவராக உடுத்துவார்கள். நகம் பட்டையின் ஓரத்தில் நுழைந்தது. அங்கேயே நின்றது.

அந்தப் பக்கம் செம்பைக் கவிழ்த்து வைக்கிற சத்தம். அம்மாவின் பழைய குரல் திரும்பிவிட்டது, விருந்தாளிக்குச் சோறு வைத்துவிட்டுக் கேட்கிற மாதிரி.

“ஏட்டி, கேக்கியா? நல்லாத் திட்டினேனா? இது போதுமா, இல்ல இன்னுங் கொஞ்சம் திட்டணுமா?”