முனையில் போட்ட இலை

உலகத்தின் பெருநிலங்களை எல்லாம் வழி தவறிய மாமனிதர்களே கண்டுபிடித்திருக்கிறார்கள். ராயபுரத்து மளிகை மொத்த வியாபாரி தேவப்பிரியம் ஒரு மணல்முனையைக் கண்டுபிடித்ததற்குக் காரணம், எர்ணாவூரில் ரயில்வே கேட் அடைத்திருந்ததும் அவருக்குக் காத்திருக்கும் பழக்கம் இல்லாததும்.

1972ஆம் வருஷத்து உல்லாசப் பயணத்துக்கு நல்ல இடம் பிடித்துத் தருபவரே வியாபாரிகள் சங்கத்தின் அடுத்த தலைவர் என்று பேச்சு. காரை மணல் பாதையில் திருப்பினார். சவுக்குத் தோப்பு முடிந்ததும் ஒருபுறம் கடல், மறுபுறம் கழிமுகம், நடுவே நாக்கைப்போல நீண்ட வெண்மணல். தேவப்பிரியம் முனை என்று மனதுக்குள் பெயர் வைத்துவிட்டு இறங்கி நடந்தார்.

நுனியில் வாழையிலையில் சோறு, ஒரு துண்டு மடவை மீன். பக்கத்தில் துணியால் வாய் கட்டிய குழம்புச் சட்டி. ஆளில்லை. இவ்வளவு சோற்றுக்கு ஒரு காக்கைகூட வரவில்லை. பெரிய மனிதர் வருவதைக் கண்டு குப்பத்துக்காரர்கள் செய்த மரியாதை என்று அவர் புரிந்துகொண்டார். இலை போட்டிருந்த வாக்கிலேயே, கடலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, தலைவர் உரையை யோசித்தபடி சாப்பிட்டார்.

மீன் தீர்ந்தது. திரும்பிப் பார்க்காமலே இன்னொரு துண்டு வைக்கச் சொன்னார். தோளுக்குப் பின்னாலிருந்து ஒரு கை நீண்டு வைத்தது. விரல்கள் ஊறி வெளுத்து உப்பியிருந்தன. துவைக்கிற கை அப்படித்தான் இருக்கும். துண்டு கொழகொழவென்று நாக்கில் ஒட்டியது. சேற்று நாற்றம். ஓசியில் வந்ததைத் துப்ப மனமில்லாமல் விழுங்கினார். மறுபடி கேட்டார். வந்தது. பல்லில் முள் இடறியது.

எடுத்துப் பார்த்தார். நகம்.

எதிரே ஒருத்தி ஓடிவந்தாள். குப்பத்துக் கெங்கம்மா.

"இன்னா நைனா பண்ணிக்கினு கீற? அது எங்கூட்டுக்காரருக்குப் போட்ட இலை. கடலுக்குப் போயி பதினோரு நாளாவுது, உடம்பு கெடைக்கல. வெச்சிட்டு திரும்பிப் பாக்காம போய்டுவோம்."

"அப்ப பரிமாறினது?"

அவருடைய தோளுக்கு மேலே பார்த்தாள். மெதுவாக முந்தானையைச் சரிசெய்துகொண்டாள்.

பிடரியில் நீர் சொட்டியது. சில்லென்று. ஒரு சொட்டு. இன்னொன்று.

சட்டியின் வாயில் கட்டிய துணி அவிழ்க்கப்படவே இல்லை.

தேவப்பிரியம் இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டிருந்தார்.