இறங்குகிறவர்களின் படிக்கட்டு

மலையேறும் விஞ்ச் வண்டி சுரங்கத்துக்குள் நுழைந்தபோது, செவெரினோ லத்தான்ஸி சாய்ந்திருந்த சன்னலை வெளியிலிருந்து யாரோ விரல் நகத்தால் தட்டினார்கள்.

டொக். சற்று இடைவெளி. டொக்.

வெளியே ஒரு சாண் தூரத்தில் ஈரப் பாறை கீழ்நோக்கி ஓடிக்கொண்டிருந்தது. ஒரு கை நீளவும் அங்கே இடமில்லை. எதிரில் மடியில் வெங்காயத்தாள் கட்டோடு இருந்த பெண்மணி கொட்டாவி விட்டாள். அவள் காதில் எதுவும் விழுந்ததாகத் தெரியவில்லை. செவெரினோ கழுத்துப் பட்டையைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். எழுபத்தாறு வயதிலும் அவர் முதுகு இருக்கையில் படாது.

அந்தத் தட்டல் அவருக்குத் தெரிந்த தட்டல். அவர் மகள் நீவெஸ் நடக்கப் பழகிய நாளிலிருந்து அப்படித்தான். போகிற வழியில் உள்ள கதவு, கம்பி, சன்னல் எதையும் நகத்தால் தட்டாமல் தாண்டமாட்டாள்.

நீவெஸ் போன பிப்ரவரியில், இதே ஓர்வியேத்தோ நகரத்தில், மார்புச் சளிக் காய்ச்சலில் இறந்துபோனாள். அவர் அடக்கத்துக்கு வரவில்லை. ஏற்கெனவே கல்யாணமான ஒரு பூச்சுவேலைக்காரனோடு அவள் வீட்டைவிட்டுப் போயிருந்தாள். அவன் மனைவியை விட்டுவிட்டு வந்தவன், இவள் அப்பாவை விட்டுவிட்டுப் போனவள். சொந்த ஊரான ஓர்த்தேயில் நான்கு தலைமுறையாகப் பத்திரம் எழுதும் குடும்பம் லத்தான்ஸி குடும்பம். மகள் அர்ஜென்டினாவில் கல்யாணமாகி நலமாக இருக்கிறாள் என்று அவர் ஊருக்குச் சொன்னார். ஊரும் நம்புவதுபோல் இருந்தது. கிறிஸ்துமஸ் தோறும் தொலைபேசி மணி அடிக்கும். "அப்பா இருக்காரா?" என்று கேட்கும் குரலுக்கு, "அப்படி யாரும் இங்க இல்லை" என்று அவர் தன் சொந்தக் குரலிலேயே பதில் சொல்லி வைத்துவிடுவார்.

படுத்த படுக்கையாகிவிட்ட அவர் மனைவி எர்சிலியா நேற்று அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஊர் சுத்திப் பாக்கறவர் மாதிரியே போயிட்டு வாங்க. ஆனா அங்க ஒருத்தர்கிட்ட, ஒரே ஒருத்தர்கிட்ட, நான் நீவெஸோட அப்பான்னு சொல்லிட்டு வாங்க. எனக்கு அது போதும்."

சொல்கிறேன் என்று அவர் வாக்குக் கொடுத்திருந்தார்.

பேராலயத்தின் கறுப்பு வெள்ளைக் கோடுகளுக்கு முன்னால் எல்லோரையும்போல் தலையை அண்ணாந்து நின்றார். பொன்பூச்சில் குளிர்காலத்து வெயில் பட்டுக் கண் கூசியது. பின்னால் தெருவோரம் சாத்தியிருந்த கடைக் கதவுகளில், முதலில் தொலைவில், பிறகு அருகில், டொக், டொக் என்று ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டு யாரோ வந்தார்கள். திரும்பினார். வெறும் தெரு. புறாக்கள் கூட இல்லை.

முனையிலிருந்த காபிக் கடைக்குள் ஒதுங்கினார். கோழி ஈரல் தடவிய ரொட்டியும் காபியும் கேட்டார்.

"டை கட்டிக்கிட்டு ஊர் பாக்க வந்த முதல் ஆள் நீங்கதான் ஐயா" என்றான் கடைக்காரன். "கோயிலையே பொண்ணு கேட்டு வந்த மாதிரி இருக்கு. இங்க சொந்தக்காரங்க யாராச்சும்?"

செவெரினோ அவனை ஏறிட்டுப் பார்த்தார். இவனிடம் சொல்லலாம். முன்பின் தெரியாதவன். சொல்லிவிட்டு ரயிலேறிவிடலாம்.

"யாருமில்லை" என்றார். காசை வைத்துவிட்டுக் கையுறையை மாட்டிக்கொண்டார்.

சாயங்கால ரயிலுக்கு நேரம் இருந்தது. விஞ்ச் நிலையத்துக்குப் பக்கத்திலேயே இருந்தது, ஊர் பார்க்க வருகிறவர்கள் படியிறங்கிப் பார்க்கும் பெரிய கிணறு. நீவெஸ் அங்கேதான் வாசலில் சீட்டுக் கொடுத்தாள் என்று எர்சிலியாவுக்கு எப்படியோ தெரிந்திருந்தது. இப்போது அந்தச் சீட்டுக் கூண்டுக்குள் கம்பளிச் சால்வை போர்த்திய லொரெதானா என்ற தடித்த பெண்மணி இருந்தாள். சீட்டைக் கிழித்தவள் கொடுக்காமல் அவர் முகத்தையே பார்த்தாள்.

"கொஞ்சம் இருங்க. இந்த மூக்கு எனக்குத் தெரியும். நீவெஸோட மூக்கு."

அவர் சீட்டுக்குக் கையை நீட்டினார்.

"அவ சொல்லுவா, 'எங்கப்பா சீதனமா குடுத்தது இந்த மூக்கு ஒண்ணுதான் லொரெதானா, அதையும் திருப்பிக் கேட்டாலும் கேட்பாரு'ன்னு. சொல்லிட்டு அவளே விழுந்து விழுந்து சிரிப்பா." லொரெதானாவும் சிரித்தாள். அப்புறம் குரல் தாழ்ந்தது. "நீங்க அவங்க அப்பாவா ஐயா? கடைசி வாரம் பூரா வாசலையே பாத்துக்கிட்டு இருந்தா."

பின்னால் ஜெர்மானியத் தம்பதி ஒன்று வரிசையில் நின்றது. அவர்கள் பேச்சை நிறுத்தியதுபோல் இருந்தது.

"எனக்கு மகள் கிடையாது" என்றார் செவெரினோ லத்தான்ஸி.

லொரெதானா சீட்டை நீட்டினாள். இப்போது அவரைப் பார்க்கவில்லை. "இறங்க ஒரு படிக்கட்டு, ஏற ஒரு படிக்கட்டு. ஒண்ணை ஒண்ணு சுத்திக்கிட்டுப் போகும், கீழ தண்ணிக்கிட்ட பாலத்துலதான் சேரும். அந்தக் காலத்துல தண்ணி சுமந்த கழுதைங்க முட்டிக்கக் கூடாதுன்னு கட்டுனது. மூடறப்போ மேல இருந்து கூப்பிடுவேன், பதில் சொல்லுங்க. பதில் வரலைன்னா விளக்கை அணைச்சுடுவேன். நீவெஸா இருந்தா ஒவ்வொரு சன்னலா தட்டிக்கிட்டே பாதிக்கு மேல இறங்கி, நல்லாப் பாத்துட்டுத்தான் 'யாரும் இல்லை'ன்னு குரல் குடுப்பா. எனக்கு முட்டி இடம் குடுக்காது."

படிகள் அகலமாக, சரிவாக, கால்களைத் தாமே இழுத்துக்கொண்டு போயின. உள்சுவரில் வரிசையாக வெட்டியிருந்த சன்னல்கள் வழியே கிணற்றின் நடுக்குழி தெரிந்தது. அதற்கு அப்பால் ஏறும் படிக்கட்டின் சன்னல்கள். கீழே போகப் போகப் பாசி வாசனையும், பழைய இரும்பின் வாசனையும், எப்போதோ நனைந்து காயாத கம்பளியின் வாசனையும் ஒன்றன்மேல் ஒன்றாக மூக்கில் படிந்தன. ஜெர்மானியர்களின் சிரிப்பு எதிர்ச் சன்னல்களில் ஏறி, தேய்ந்து, மேலே எங்கோ வெளிச்சத்தில் கரைந்தது. பாலத்தில் அவர் தனியாக நின்றார். தண்ணீர் அசையவில்லை. அதில் அவர் முகமும் மூக்கும் தெரிந்தன.

ஏறத் தொடங்கினார். மூச்சு வாங்க நின்றபோது மேலே வானத்துத் துண்டு சாம்பல் நிறமாகியிருந்தது.

"யாராவது இருக்கீங்களா?" லொரெதானாவின் குரல் சுவரைச் சுற்றிச் சுற்றி இறங்கி வந்தது.

லத்தான்ஸி குடும்பத்தார் பொது இடத்தில் குரலை உயர்த்துவதில்லை. அதுவும், மகள் இல்லை என்று சொல்லிவிட்டு வந்த இடத்தில். அவர் இன்னும் வேகமாக ஏறிவிடலாம் என்று நினைத்தார்.

அப்போது, எதிர்ப் பக்கம், மேலே.

டொக்.

இறங்குகிறவர்களின் படிக்கட்டில் யாரோ இறங்கினார்கள். ஒரு சன்னல். டொக். அடுத்த சன்னல். டொக். அவசரமில்லாத காலடி. நனைந்த கம்பளியின் வாசனை கெட்டியானது.

முதலில் கை தெரிந்தது. சாம்பல் நிறக் கம்பளிச் சட்டை. முழங்கையில் நீல நூலால் எர்சிலியா போட்ட ஒட்டு. பிறகு முகம். வீட்டைவிட்டுப் போன அன்றைய முகம். அந்த மூக்கு.

ஒவ்வொரு சன்னலிலும் அவள் நின்றாள். குனிந்து எதிர்ப் பக்கத்தைத் தேடினாள். யாரையோ தேடுகிற கண்கள். தட்டினாள். இறங்கினாள்.

அவர் பக்கத்துச் சன்னல் விளிம்பைப் பற்றிக்கொண்டார்.

"யாராவது இருக்கீங்களா?" மேலிருந்து மறுபடியும்.

ஒரே ஒருத்தரிடம். எர்சிலியாவின் விரல்கள் மணிக்கட்டில் இன்னும் அழுந்திக்கொண்டிருந்தன.

நேர் எதிரே வந்து நின்றாள் நீவெஸ். நடுவில் கிணறு மட்டும்.

"நீவெஸ்!" அவர் கத்தினார். வாழ்க்கையில் முதல் தடவை. "நான்தாம்மா. அப்பா. உன் அப்பா வந்திருக்கேன்!"

குரல் குழியில் விழுந்து, தண்ணீரைத் தொட்டு, திரும்பி வந்தது. அப்பா. அப்பா.

அவள் சன்னலுக்கு வெளியே பாதி உடம்பை நீட்டினாள். காதுக்குப் பின்னால் கையைக் குவித்தாள். நெடுநேரம் கேட்டாள். கண்கள் அவர்மேல்தான் இருந்தன. ஆனால் அவரை ஊடுருவி, பின்னாலிருந்த சுவரைப் பார்த்தன. மறுமுனையில் தொலைபேசியை வைத்துவிட்ட பிறகும் காதிலிருந்து எடுக்காதவளைப்போல நின்றாள்.

"அப்பாதான் கண்ணு! இங்கே! இங்கே பாரு!"

அவள் உதடு துடித்தது. கண்ணீர் மூக்கின் நுனிக்கு வந்து, தொங்கி, உள்ளே விழுந்தது. தண்ணீரில் அது விழுந்த ஓசை அவருக்குக் கேட்டது.

அவள் முகத்தை மேலே திருப்பினாள்.

"யாரும் இல்லை" என்றாள்.

மேலே முதல் விளக்கு அணைந்தது. அடுத்தது. அதற்கடுத்தது. கதவின் தாழ் விழுந்தது. அவர் கத்திக்கொண்டே ஏறினார், சுவரைத் தடவி, விழுந்து, எழுந்து. டொக், டொக் என்று அவள் கீழே இறங்கிப் போனாள். தண்ணீர் வரைக்கும். தட்டல் நின்றது.

பிறகு, மறுபடியும் மேலே, முதல் சன்னலில்.

டொக்.