பிளேடு சர்வரில் ஒரு சந்தனப் பொட்டு

"ஹலோ... ஷூவக் கழட்டாம உள்ள எப்படி வந்தீங்க?"

சிதம்பரத்தில் அந்தக் கல்லூரியின் சர்வர் அறைக்குப் பொறுப்பு ஆரோக்கிய ராணி. அவள் போட்ட சத்தத்தில், குனிந்து வயர் மாட்டிக்கொண்டிருந்தவன் தலையை ரேக்கில் இடித்துக்கொண்டான். வெளியே மழை கொட்டியது. அவன் நெற்றியில் மழை... இமையிலும் கொஞ்சம் மழை. ஆம்பிளைக்கு எதற்கு இவ்வளவு பெரிய கண் என்று அவளுக்குக் கோபம்தான் வந்தது.

"புவனகிரியிலேர்ந்து நனைஞ்சிகினே வரேங்க. கழட்டுனா சாக்ஸெல்லாம் தண்ணி. எது பரவால்ல, நீங்களே சொல்லுங்க."

சர்வர் விற்ற கம்பெனியின் இன்ஜினியர், ஞானசேகரன். முதல் பார்வையிலேயே காதல் என்று எழுத ஆசைதான்... வந்தது சண்டை.

சண்டை டிஸ்க்கைப் பற்றி. புதிதாக வந்த பத்து பிளேடு சர்வர்களும் புத்தகம் அடுக்கினாற்போல ஒரே பெட்டிக்குள் நின்றன. ஒவ்வொன்றிலும் இரண்டு சின்ன டிஸ்க்; இரண்டிலும் ஒரே தகவல். ஒன்று படுத்தால் மற்றது தாங்கும், அது போதும் என்றான் அவன். எல்லாத் தகவலையும் தனியாக ஒரு பொது ஸ்டோரேஜில் வைத்தால்தான், ஒரு பிளேடு போனாலும் இன்னொன்று வேலையை எடுத்துக்கொள்ளும் என்றாள் இவள்.

"மேடத்துக்கு பயம் ஜாஸ்தி சார்," என்று பிரின்சிபால் ராமாமிர்தத்திடம் சிரித்தான். விலையைப் பார்த்த பிரின்சிபால் அவன் பக்கமே சாய்ந்தார். ராணிக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

ஆனால் பாருங்கள், அதற்கப்புறம் காலையில் வீட்டுப் பக்கம் செம்மண்டலத்தில் பஸ் ஏறும்போதே, இன்றைக்கு அவன் வருவானா என்று மனசு கேட்க ஆரம்பித்தது. போடி பைத்தியம் என்று அதை அடக்கினாள்.

ஆயுத பூஜை அன்றைக்கு அவனும் வந்திருந்தான். சந்தனக் கிண்ணத்தைக் காட்டிச் சீண்டினான்.

"நீங்க சர்ச்சுக்குப் போறவங்க... இதெல்லாம் வைக்க மாட்டீங்க, இல்ல?"

"யார் சொன்னா? குடுங்க இப்டி!"

வீம்பு! கிண்ணத்தைப் பிடுங்கி, பத்து பிளேடுக்கும் சந்தனத்தை அப்பி, குங்குமமும் வைத்துவிட்டுத்தான் ஓய்ந்தாள்.

தீபாவளிக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு காலையில் ஒரு பிளேடு செத்தது. செமஸ்டர் மார்க் முழுக்க அதில்தான். ஞானசேகரன் ஓடி வந்தான். டிஸ்க் முகப்பில் காய்ந்திருந்த சந்தனத்தை நகத்தால் சுரண்டினான். அடியில் ஆரஞ்சு விளக்கு மினுங்கிக்கொண்டிருந்தது. ஒரு டிஸ்க் என்றைக்கோ போயிருக்கிறது. அந்த எச்சரிக்கையை அவள் வைத்த பொட்டு மறைத்துவிட்டது. இப்போது அடுத்ததும் போய்விட்டது.

அவன் அவளைப் பார்த்தான். மிச்சச் சந்தனத்தைக் கட்டைவிரலால் துடைத்தான். அதற்குள் பிரின்சிபால் வந்துவிட்டார்.

"எங்க கம்பெனி டிஸ்க் சரியில்ல சார். தப்பு எங்களுதுதான்."

"உன்ன மாதிரி ஆள வேலைக்கு வெச்சாங்க பாரு! இப்பவே உங்க ஹெட் ஆபீசுக்குப் பேசுறேன்." அவர் செல்போனை எடுத்தார்.

ராணி கணக்குப் போட்டாள். பேசினால் தன் வேலை போகும். பேசாவிட்டால் இவன் வேலை போகும். சும்மா இருந்தாலே போதும், அந்தப் பழைய சண்டையிலும் அவளுக்குத்தான் ஜெயம். ஐயோ, இப்படி ஒரு ஜெயம் யாருக்கு வேண்டும்!

"சார், போன வைங்க. லைட்ட மறைச்சது நான் வெச்ச பொட்டு. இவருக்கும் தெரியும், எனக்காகத்தான் சொல்லல."

பிரின்சிபால் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "மார்க்கு?"

"விடைத்தாள்ல இருக்கு சார். நானே உக்காந்து மறுபடி ஏத்துறேன்."

"மொதல்ல ஏத்து. உன் வேலையப் பத்தி அப்புறம் பேசலாம்," என்று போய்விட்டார்.

ஞானசேகரனுக்குக் கோபம் வந்தது. "ஏங்க சொன்னீங்க? எனக்கு வேற எடத்துல வேல கெடைக்கும்ல?"

"எனக்கும் கெடைக்கும்." என்றாள் ராணி. "ஆனா நீங்க இந்தப் பக்கமே வராமப் போயிட்டா... என்னால முடியாதுங்க. எனக்கு உங்களப் புடிச்சிருக்கு. போதுமா?"

அவன் ஒரு நாற்காலியை இழுத்து அவள் பக்கத்தில் போட்டான். "உங்கப்பா...?" என்றான்.

"ஞாயித்துக்கெழம சர்ச்சுல பூசை முடிஞ்சி வூட்லதான் இருப்பாரு. கத்துவாரு."

"கத்தட்டும். நான் வரேன்," என்றான்.